லாடம் அடிப்போர் மன்றத்தில் குதிரைக்காரருக்கும் இடம் வேண்டும்

ஆசிரியருக்கு,

பிரிட்டனின் லாடம் அடிப்போர் பதிவு மன்றம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பதிவு பெறாதவர் குதிரைக்கு லாடம் அடிப்பதையே குற்றமாக்கியது அங்குள்ள 1975 சட்டம். ஆனால் புகார்களை விசாரிப்பதும் தண்டிப்பதும் நெடுங்காலம் மன்ற உறுப்பினர்களின் குழுக்களிடமே இருந்தன. 2017 சட்டம் மன்றத்தையும் அந்தக் குழுக்களையும் திருத்தி அமைத்தது மிகச் சரியான முடிவு. விதி வகுப்பவரே விசாரித்துத் தீர்ப்பும் சொன்னால், குதிரை வைத்திருப்பவர் யாரிடம் போய் முறையிடுவார்?

இங்கிலாந்தில் ஒரு குதிரைக் கொட்டிலில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஒருமுறை லாட ஆணி உள்சதையை ஒட்டி இறங்கிவிட்டது. மறுநாள் காலை அந்தப் பெண்குதிரை முன்னங்காலை ஊன்றவே இல்லை. தொட்டால் குளம்பு சுட்டது. ஆணியைப் பிடுங்கிய பிறகுதான், பாவம், தீவனத்தில் வாய் வைத்தது. வலியை அதனால் சொல்ல முடியாது, நாம்தான் சொல்ல வேண்டும். ஆகவே புகார்க் குழுக்களில் தொழில் தெரிந்தவர்களோடு குதிரை வளர்ப்பவர்களும் கொட்டில் பணியாளர்களும் கட்டாயம் இடம்பெற வேண்டும். அப்புறம், ஒவ்வொரு தீர்ப்பின் காரணத்தையும் எளிய மொழியில் எழுதிப் புகார் தந்தவருக்கு அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்