லே போகிறவர்களுக்கு முதல் இரண்டு நாள் ஓய்வு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த லடாக் பயணக் கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் 'வெள்ளியங்கிரி ஏறியவர்களுக்கு லே ஒன்றுமே இல்லை' என்ற வரியைப் படித்ததும் பதறிவிட்டேன். வெள்ளியங்கிரி 6000 அடிக்குள் அடங்கிவிடும். தொட்டபெட்டாவே 8650 அடிதான். லடாக்கில் இருக்கும் லே நகரமோ 11,500 அடி. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்சிஜன், நம் ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். கால் வலுவு இதற்கு உதவாது. வருஷம் தவறாமல் ஏழு மலையும் ஏறி இறங்கும் என் மச்சான், லேயில் விமானம் இறங்கிய அன்று ராத்திரியே தலைவலியும் வாந்தியுமாகப் படுத்துவிட்டார்.

அந்த ஊர்க்காரர்களுக்கு 'ரத்தம் கெட்டி' என்றும் கட்டுரை சொல்கிறது. அங்குள்ள திபெத்திய வம்சத்து மக்களைப் பொறுத்தவரை விஷயம் நேர்மாறானது. சமவெளி ஆள் மேலே போனால் முதலில் மூச்சு வேகமெடுக்கும். அப்புறம் சிறுநீரகம் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து சிவப்பணுக்களைக் கூட்டும்; அதற்கு வாரக்கணக்கில் ஆகும். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை மக்களுக்குச் சிவப்பணு அதிகம். அது அளவு மீறிப்போய் ரத்தம் குழம்பாகி வரும் நோயைப் பெரு நாட்டு மருத்துவர் கார்லோஸ் மோங்கே 1920களிலேயே விவரித்திருக்கிறார். திபெத்தியர்களிடம் ஈபாஸ்1 என்ற மரபணுவின் தனி வகை ஒன்று இருக்கிறது. சிவப்பணு கண்டபடி பெருகாமல் அது பார்த்துக்கொள்கிறது. 4000 மீட்டரில் வாழ்ந்தாலும் அவர்களில் பெரும்பாலோரின் ஹீமோகுளோபின் சமவெளிக்காரர்கள் அளவை ஒட்டியே இருக்கும். டெனிசோவன் என்ற அழிந்துபோன மனித இனத்தோடு கலந்ததில் அந்த மரபணு வந்தது என்று 2014-இல் கண்டறிந்தார்கள். எவ்வளவு பழைய சொத்து!

பயணத்துக்கு முன்னால் பீட்ரூட்டும் பேரீச்சம்பழமும் தின்று 'ரத்தம் ஊற' வைத்துக்கொண்டால் போதும் என்று நம் பக்கம் நம்புகிறார்கள். நாலு நாளில் அப்படியெல்லாம் உடம்பு பழகாது.

ஈரோட்டில் ஒரு டூர்க்காரர் கொடுத்த நோட்டீஸ் என் கையில் இருக்கிறது. முதல் நாள் காலை லே விமான நிலையம், மதியமே ஊர் சுற்றல். மறுநாள் காலை 17,500 அடி உயரத்தில் கர்துங் லா கணவாய்! அறுபது வயதைத் தாண்டியவர்களையும் இதே கணக்கில்தான் கூட்டிப்போகிறார்கள்.

விமானத்தில் போய் இறங்குபவர்கள் முதல் இரண்டு நாள் அறையிலேயே ஓய்வெடுக்க வேண்டும். தலைவலி இருந்தால் அதற்கு மேல் ஏறக்கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ உடனே கீழே இறக்கி மருத்துவரிடம் காட்ட வேண்டும். இருதய நோயோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன்பே தங்கள் மருத்துவரைக் கேட்டுவிடுவது நல்லது. அடுத்த ஞாயிறு இணைப்பில் இதைப் பெட்டிச் செய்தியாகப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம்.