விளக்கு எரியும்போது தேநீர் கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குவைத்தில் நான்கு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டுப் போன மாதம்தான் தலவாக்கலைக்குத் திரும்பினேன். வந்த விமானத்தில் நடந்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

நடுவானில் ஆசனப்பட்டி விளக்கு எரிந்தது. அரபியிலும் ஆங்கிலத்திலும் ஏதோ அறிவித்தார்கள். விளக்கு நமக்குத்தானே, நாம் பட்டியைப் போட்டால் போதும் என்று நினைத்தேன். தலைவலி தாங்காமல் பொத்தானை அமத்தி ஒரு பிளேன்டீ கேட்டேன். என் மகள் வயதுப் பிள்ளை ஒருத்தி முகம் சுளிக்காமல் கொண்டுவந்து தந்தாள். அவள் திரும்பிய நேரம் விமானம் திடீரென்று கீழே இறங்கியது. அந்தப் பிள்ளை மேலே தூக்கியெறியப்பட்டு, தலை கூரையில் அடிபட்டு, இரண்டு வரிசை தள்ளி விழுந்தாள். பட்டி போட்டிருந்த எனக்குக் கையில் தேநீர் கொட்டியதோடு சரி. கட்டுநாயக்காவில் அவளைச் சக்கர நாற்காலியில்தான் இறக்கினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மகனிடம் சொல்லி இதைப் பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 2009 முதல் 2022 வரை விமானக் குலுக்கலில் படுகாயமடைந்தவர்கள் 163 பேர். அதில் 129 பேர் விமானத்தில் வேலை செய்பவர்கள்! நாம் உட்கார்ந்திருக்கிறோம், அவர்கள் நிற்கிறார்கள். பாரமான தள்ளுவண்டி வேறு கூடவே இருக்கிறது. சமையலறை இருக்கும் வால் பக்கம்தான் குலுக்கலும் கூட.

நம் பஸ் நடத்துனர்கள் கினிகத்தேனை வளைவுகளில் டிக்கெட் கிழிக்கும்போதும் ஒரு கையால் கம்பியைப் பிடித்திருப்பார்கள், அடுத்த வளைவு கண்ணுக்குத் தெரியும். மேலே அப்படியில்லை. மேகமே இல்லாத தெளிந்த வானத்திலும் குலுக்கல் வருமாம், ரேடாரிலும் தெரியாதாம். வட அட்லாண்டிக் வான்வழியில் அந்த வகைக் கடும் குலுக்கல் 1979க்கும் 2020க்கும் இடையில் 55 சதவீதம் கூடியிருப்பதாக இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வு சொல்கிறது.

2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன விமானம் மியன்மாருக்கு மேலே, காலைச் சாப்பாட்டு நேரத்தில், ஐந்து வினாடிக்குள் ஆட்களைத் தூக்கிப் போட்டது. ஒரு பயணி இறந்தார், பலர் காயப்பட்டார்கள். அதற்குப் பிறகு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், விளக்கு எரிந்தால் சாப்பாடு கொடுப்பதையும் நிறுத்திவிட்டுப் பணியாளர்களும் போய் உட்கார வேண்டும் என்று விதியை மாற்றியது. எல்லா நிறுவனங்களும் இதைச் செய்ய வேண்டும். பயணி கோபிப்பார் என்று ஒரு பிள்ளையை நடக்கவிடுவது சரியே இல்லை.

மலையகத்திலிருந்து எத்தனை பெண்கள் வளைகுடாவுக்குப் போய் வருகிறோம்! நமக்கு நடத்தும் பயிற்சி வகுப்புகளில் பட்டியை மாட்டும் விதத்தோடு, விளக்கு எரிந்தால் பணிப்பெண்ணை அழைக்கக்கூடாது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். கட்டுநாயக்காவுக்கு வரும் விமானங்களில் அந்த அறிவிப்பைத் தமிழிலும் செய்யுங்கள். அன்று ஒரு வார்த்தை எனக்குப் புரிகிற மாதிரிச் சொல்லியிருந்தால் நான் அந்தப் பொத்தானைத் தொட்டிருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தலவாக்கலை.