வயசான நாயின் மூட்டுவலிக்கு வைத்தியம் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் தக்கலைப் பக்கம் மீன் சந்தைக்குப் போயிருந்தபோது ஒரு வயசான நாயைப் பார்த்தேன். முகமெல்லாம் நரைத்திருந்தது. கழுத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு முடி தேய்ந்து வட்டமாகத் தெரிந்தது. பல வருஷம் பெல்ட் கிடந்த இடம் அது, பெல்ட்டை மட்டும் யாரோ கழற்றி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மீன் விற்கிற அக்கா ஒரு தலையை வெட்டிப் போட்டதும் மற்ற நாய்கள் பாய்ந்தன. இது முன்னங்காலை ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்க முடியாமல் இரண்டு தடவை உட்கார்ந்து, மூன்றாவது தடவை எழுந்து நின்றபோது அங்கே ஒன்றும் மிச்சமில்லை. "நாலு நாளாட்டு இங்கதான் கெடக்கு, கார்ல கொண்டுவந்து எறக்கி விட்டுட்டுப் போனாவ" என்றார் அக்கா.

வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் விட்டுப் போனவரைத் திட்டி எழுத எனக்கு மனசு வரவில்லை. நடக்க முடியாத நாய்க்கு இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது என்று அவர் நினைத்திருக்கலாம், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன், அதனால் என் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் குட்டன் லேப்ரடார் கலப்பு. பத்து வயசு ஆனபோது காலையில் எழுந்ததும் பத்தடி விறைப்பாக நடப்பான், அப்புறம் சரியாகிவிடும். வீட்டு முன்பக்கத் திண்ணையான சிட்டவுட்டின் படியில் ஏறும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து முயல் மாதிரி தாவுவான். கார் கதவைத் திறந்தால் முதலில் ஏறிக்கொள்கிறவன் கீழேயே நின்று எங்கள் முகத்தைப் பார்ப்பான். ஒரே முழங்காலை நக்கி நக்கி அந்த இடத்து முடி சிவந்துபோயிருந்தது. வயசாச்சு, மடி பிடிச்சிருக்கு, அதாவது சோம்பல் வந்துவிட்டது என்று நாங்களே சொல்லிக்கொண்டு விட்டுவிட்டோம். ஒரு நாள்கூட அவன் முனகியது கிடையாது. மூட்டுவலி வந்த நாய் பெரும்பாலும் சத்தம் போடாது, ஒவ்வொரு வேலையாகக் குறைத்துக்கொண்டே வரும், அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு ஆடி மாதச் சாரலில் அவனால் எழுந்திருக்கவே முடியவில்லை. மாமியின் முழங்கால் வலிக்கு வாங்கி வைத்திருந்த டைக்ளோஃபெனாக் மாத்திரையில் பாதியை உடைத்துப் பழத்துக்குள் வைத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கொடுத்தேன். மூன்றாம் நாள் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான், வாந்தி எடுத்தான், மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் அப்படித்தான் போகும் என்று டாக்டர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஐந்து நாள் டிரிப் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் மாதிரி நாம் சாதாரணமாக விழுங்குகிற மாத்திரைகளை நாயின் வயிறும் சிறுநீரகமும் தாங்காது. கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் கொடுப்பதை நம் நாட்டில் 2006-லேயே தடை செய்துவிட்டார்கள். அந்த மருந்து ஏறிய மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்ததால் வந்த தடை அது. ஆனால் மனுஷ மாத்திரையாக எல்லார் வீட்டு டப்பாவிலும் அது இருக்கத்தான் செய்கிறது. தயவுசெய்து அந்த டப்பாவை நாய்க்காகத் திறக்காதீர்கள். பூனைக்குப் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே போதும், உயிர் போய்விடும்.

உடம்பு தேறியபிறகு திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தோம். இடுப்பு மூட்டில் குருத்தெலும்பு தேய்ந்திருந்தது. தேய்ந்தது திரும்ப வளராது, ஆனால் வலியையும் வீக்கத்தையும் நன்றாகக் குறைக்க முடியும் என்றார்கள். வயிறு முழுசாக ஆறட்டும் என்று சில வாரம் காத்திருந்து, ரத்தப் பரிசோதனையில் கல்லீரலும் சிறுநீரகமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மெலாக்சிகாம் என்ற வலி, வீக்கம் குறைக்கிற மருந்தை எழுதினார்கள். எடைக்குத் தகுந்த அளவு, தினம் ஒரு தடவை, சாப்பாட்டுக்கு அப்புறம். ஸ்டீராய்டு மருந்தோடு சேர்த்துக் கொடுக்கவே கூடாது, வாந்தியோ கறுப்பு மலமோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும், அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும். என் நாய்க்கு எழுதிய அளவை இன்னொருவர் தன் நாய்க்குக் கொடுத்துவிடக் கூடாது என்பதால் அளவை இங்கே எழுதவில்லை.

மருந்தைவிடப் பெரிய வைத்தியம் எடையைக் குறைப்பது. குட்டனை ரப்பர் ஷீட் எடை போடும் கடைத் தராசில் ஏற்றிப் பார்த்தோம், 38 கிலோ. தடவினால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டுமாம், இவனுக்குத் தேடினாலும் கிடைக்காது. அமெரிக்காவில் 48 லேப்ரடார் குட்டிகளை இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்குக்கு மட்டும் வாழ்நாள் முழுக்கக் கால்வாசி தீனியைக் குறைத்துக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருஷம் அதிகம் வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குப் பிந்தித்தான் வந்தது. ஆய்வு முடிவு 2002-இல் வந்தது. இதை வீட்டில் சொன்னால் மாமி ஒத்துக்கொள்ளவில்லை. "தின்னாத வயசா அதுக்கு?" என்று கேட்டுவிட்டு, யாரும் பார்க்காதபோது அவித்த மரச்சீனியும் பிஸ்கட்டும் போட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒரு நாள் மாமியைப் பக்கத்தில் உட்காரவைத்து, "உங்க முழங்காலுக்கு டாக்டர் எடையக் குறைக்கச் சொன்னாருல்லா மாமி, இவனுக்கும் அதேதான்" என்று சொன்னேன். அதற்கப்புறம் அவன் சோற்றை அளந்து வைப்பதே மாமிதான். பாதிச் சோற்றை எடுத்துவிட்டு வெந்த பூசணிக்காயும் பீன்ஸும் சேர்த்தோம். உப்பு, புளி, வெங்காயம் எதுவும் போடாமல் அவித்து முள் எடுத்த சாளை கொஞ்சம், அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு மூட்டு வீக்கத்துக்கு நல்லது. எட்டு மாதத்தில் 31 கிலோவுக்கு வந்தான். படியில் முயல் மாதிரி தாவுவது அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

அடுத்தது தரை. இப்போது நம் மாவட்டத்தில் எல்லார் வீட்டிலும் பளபளவென்று டைல்ஸ். வலிக்கிற காலை ஊன்றும்போது அது வழுக்கினால் நாய்க்கு உள்ளுக்குள் பயம் வந்துவிடும், எழுந்திருப்பதையே நிறுத்திக்கொள்ளும். குட்டன் படுக்கிற இடத்திலிருந்து தண்ணீர்ச் சட்டி வரைக்கும், அங்கிருந்து வாசல் வரைக்கும் கயிற்றுப் பாய் விரித்தோம். முதல் நாள் அவன் பாயின் ஓரத்தில் வந்து நின்று, ஒரு காலை எடுத்து வைத்துப் பார்த்து, அப்புறம் தலையைத் தூக்கிக்கொண்டு நேராக நடந்தான். தலையைத் தூக்கி நடந்து எவ்வளவு நாளாகியிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிட்டவுட் படியை ஒட்டி ஒரு பழைய பலகையைச் சரிவாகப் போட்டு அதன் மேலும் பாயை ஆணி அடித்து வைத்திருக்கிறோம். சாப்பாட்டுத் தட்டு ஒரு முக்காலி மேல் இருக்கிறது. நகம் வளர்ந்துவிட்டால் பாதம் சரியாக ஊன்றாது, அதையும் பார்த்து வெட்ட வேண்டும்.

நடையை நிறுத்தவே கூடாது, தசை கரைந்தால் மூட்டுக்குத் தாங்கல் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீளமாகக் கூட்டிப்போவதைவிடத் தினம் மூன்று தடவை பத்துப் பதினைந்து நிமிஷம் நடத்துவது நல்லது. தார் ரோட்டை விட்டுச் சானல், அதாவது கால்வாய்க் கரை மண்ணில் கூட்டிப்போகிறோம். சானலில் தண்ணீர் குறைவாக, இழுப்பில்லாமல் இருக்கிற நாளில் படித்துறையில் இறக்கி, கூடவே நின்று முழங்கால் ஆழத்தில் நடக்க வைப்போம், தண்ணீர் அவன் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். நமக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவ மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. அந்த நாட்களில் வெறும் தரையில் படுக்க விடாமல் தும்பு மெத்தையில் போட்டு, உப்பை வறுத்துத் துணியில் முடிந்து, என் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு இடுப்பில் ஒத்தடம் கொடுப்பேன். முறிவெண்ணெய் தேய்க்கலாமே என்று பலர் சொன்னார்கள். மனுஷருக்கு அது எவ்வளவோ நல்லது, ஆனால் நாய் தேய்த்ததை எல்லாம் நக்கிவிடும், அதனால் தேய்க்கவில்லை. கற்பூரம் கலந்த தைலமும் வலிக்குப் போடுகிற பாமும் நாய்க்கு விஷம்.

சந்தையில் பார்த்த நாயை மறுநாள் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். அதற்கும் இடுப்புதான். மருந்து தொடங்கிப் பன்னிரண்டு நாள் ஆகிறது, நேற்று குட்டனுக்குப் பின்னாலேயே பலகை ஏறி சிட்டவுட்டுக்கு வந்து படுத்துக்கொண்டது. அதைக் கொண்டுவந்து விட்டவர் இதைப் படித்தால், பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு அதன் பெயரை மட்டும் சொல்லிவிடுங்கள், வேறெதுவும் கேட்க மாட்டோம். நாங்கள் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தக்கலை