மணிக்கட்டு நிமிர்ந்த கதை

நகரி,
ஆனி மாதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுத முடியாமல் போனதற்கு என் வலது கைதான் காரணம். தை மாதம் கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன். மேல்கை எலும்பு உடைந்தது. பக்கத்தில்தானே புத்தூர், போய்க் கட்டுப் போட்டுக்கொள் என்றார்கள் வீட்டில். மணிக்கட்டு தொங்குவதைப் பார்த்த டாக்டரோ, எலும்பை ஒட்டி ஓடும் நரம்பும் அடிபட்டிருக்கிறது என்றார். எலும்பு கூடிவிட்டது, கை நிமிரவில்லை. காபி டம்ளரைப் பிடித்தால் நழுவும்.

நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளருமாம். முறிந்த இடத்திலிருந்து தசை வரைக்கும் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், 12 செ.மீ. அப்படியானால் நாலு மாதம்.

அந்த நாலு மாதமும் படிப்புத்தான். நரம்பு உத்தரவு போடும், தசை கேட்கும் என்று வகுப்பில் ஒரே பக்கமாக அம்புக்குறி போட்டுப் பாடம் நடத்தியவன் நான். அம்புக்குறி எதிர்ப்பக்கமும் போகிறது, நண்பா! 1934-இல் விக்டர் ஹாம்பர்கர் என்ற கருவியல் ஆய்வாளர் கோழிக் கருவில் இறக்கை முளையை வெட்டியெடுத்தார். அந்தப் பக்கத்துத் தண்டுவடத்தில் இறக்கைக்கான நரம்பணுக்கள் குறைந்துபோயின. போய்ச் சேர தசை இல்லையென்றால் நரம்பணு பிழைப்பதில்லை.

தசையின் மேல் எல்ஆர்பி4 என்றொரு புரதம் இருக்கிறது. நரம்பு அனுப்பும் அக்ரின் என்ற புரதத்தை வாங்கிக்கொண்டு, நரம்பின் ரசாயனச் சேதியான அசிட்டைல்கோலினை வாங்கும் ஏற்பிகளை ஓரிடத்தில் கூட்டுவது அதன் வேலை என்பது முன்பே தெரிந்ததுதான். அதே புரதம் நரம்பைப் பார்த்து 'இங்கேயே நில்' என்றும் சொல்கிறது என்று 2012-இல் காட்டினார்கள். தசையே அல்லாத செல்லில் அதை வைத்தாலும், தொட்ட நரம்பு முனை வளர்ச்சியை நிறுத்திவிட்டு, அந்தச் சேதி ரசாயனம் நிறைந்த நுண்பைகளைச் சேர்க்கத் தொடங்குகிறது. அது இல்லாத எலிக்கருவில் நரம்புகள் எங்கும் நிற்காமல் தசை மேல் அலைகின்றன.

எனக்குத் தெம்பு தந்தது ஒரு தவளைச் சோதனை. 1978-இல் செய்தது. நரம்பையும் தசை நாரையும் சிதைத்து, நாரைச் சுற்றிய மெல்லிய உறையை மட்டும் மிச்சம் வைத்தார்கள். திரும்ப வளர்ந்த நரம்பு அந்த வெற்று உறையில் பழைய இடத்தையே தேடிப் போய் உட்கார்ந்தது. படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனாலும் தசை ரொம்ப நாள் காத்திருக்காது, நரம்பில்லாமல் மெலிந்துவிடும். மூட்டு இறுகிவிடக் கூடாதென்று என் மனைவி தினமும் சாயங்காலம் என் விரல்களை மடக்கி நீட்டிவிட்டாள், ஒரு நாள் தவறவில்லை.

வைகாசி கடைசியில் ஒரு காலை, எதிர்வீட்டு விசைத்தறி ஓடத் தொடங்கிய நேரம். மேசைமேல் கிடந்த கை தானாக ஒரு விரற்கடை உயர்ந்தது. இவளைக் கூப்பிட்டேன், குரல் வரவில்லை.

பேரன் குப்புறக் கவிழ்ந்துவிட்டானா? ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வருவாய் அல்லவா, அங்கிருந்து நகரி பக்கம்தான். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. இந்தக் கடிதம் அந்தக் கையாலேயே எழுதியது. எழுத்து கோணலாக இருந்தாலும் படித்துவிடுவாய்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்