காருக்கு மெழுகு வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு,

'வாக்ஸ் பாலிஷ்' என்று விற்பவற்றில் சில உராய்பொடி கலந்தவை. மாதந்தோறும் தேய்த்தால் பெயின்ட்டின் மேலுள்ள மெல்லிய கிளியர் கோட் (நிறமற்ற காப்புப் பூச்சு) தேய்ந்தே போகும். வாங்குமுன் லேபிளைப் படியுங்கள். '100% கார்னௌபா' என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். அந்தப் பிரேசில் பனை மெழுகு கல்லாக இறுகியது, கரைப்பான் சேர்க்காமல் பூசவே முடியாது. பளபளப்பு அருமைதான், ஆனால் நீலகிரி மழையில் சில வாரங்களே தாங்கும். வெளியில் நிற்கும் வண்டிக்கு மெழுகுக்குப் பதிலான செயற்கைப் பூச்சு, பாலிமர் சீலன்ட்டே மேல்.

பனிமூட்டத்தில் பூசாதீர்கள், ஈரத் தகட்டில் மெழுகு பிடிக்காமல் திட்டுத்திட்டாகும். வண்டியைக் கழுவி, நன்கு காய்ந்தபின் நிழலில் ஒவ்வொரு பகுதியாக மெல்லியதாகப் பூசுங்கள். விரலால் இழுத்தால் பிசுபிசுப்பில்லாமல் வரும்போது மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். கறுப்பு பிளாஸ்டிக்கில் பட்டால் வெள்ளைக் கறை எளிதில் போகாது. முன்பே டேப் ஒட்டிவிடுங்கள்.

– ஒரு வாசகர், குன்னூர்