நாணயத்தை வெட்டி நகை செய்யலாம், சேதுக்காசைத் தொடாதீர்கள்

ஆசிரியருக்கு,

ஞாபகார்த்த நாணயக் குற்றிகளை வெட்டிப் பெண்டனும் தோடும் செய்வது காசை அவமதிக்கிற வேலை என்று போன கிழமை உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. காசை லட்சுமி என்று கும்பிடுகிற நாங்கள்தானே அதே காசைக் கழுத்திலும் போட்டோம்? காசுமாலையை விடுங்கள், எங்கள் ஊர்த் தாலிக்கொடியிலேயே காசு கோத்திருக்கிறது. விக்டோரியா மகாராணி தலை போட்ட பவுணுக்குப் பற்றாசு வைத்து வளையம் ஒட்டியபோது யாரும் அதை அவமதிப்பு என்று சொல்லவில்லை.

இந்த வேலையைக் கிட்ட இருந்து பார்த்தால் அந்த வாசகரும் வேறு விதமாக எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். காசில் உள்ள உருவத்தை மட்டும் விட்டு, சுற்றியிருக்கிற வெறும் இடத்தை அறுத்து எடுக்கிற வேலை இது. முதலில் உருவத்துக்குப் பக்கத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. மயிர் போல மெல்லிய வாள் அலகை ஒரு முனையில் கழற்றி, அந்தத் துளைக்குள்ளே விட்டு, திரும்பச் சட்டத்தில் இழுத்துப் பூட்டி, மெழுகு தடவித் தடவி உருவத்தின் ஓரமாகவே அறுத்துக்கொண்டு போகவேண்டும், கை கொஞ்சம் கோணினால் அலகு முறியும், இல்லையென்றால் உருவத்தின் காது போகும். பிறகு மற்ற இடைவெளிக்கு இன்னொரு துளை. எல்லாம் முடிந்த பிறகு அரம், மினுக்கல், விரும்பினால் முலாம். யாழ்ப்பாணம் கன்னாதிட்டிப் பக்கம் நகை செய்கிற பத்தர்மாரின் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பொறுமை எப்படிப்பட்டது என்று தெரியும். பவுண் விற்கிற விலையில் நகை வாங்க வழியில்லாத பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கைவேலை நகை கிடைப்பது நல்ல விஷயம், அதற்குக் கூலியைக் குறைத்துப் பேரம் பேசாதீர்கள்.

வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். முன்பக்க உருவத்தைப் பார்த்து அறுக்கும்போது பின்பக்கத்து எழுத்தும் எண்ணும் இடையிலே துண்டுபட்டுப் போகும். அதனால் பின்னால் திருப்பிப் பாருங்கள், அரைகுறையாக நிற்கிற எழுத்து இருந்தால் அநேகமாக உண்மையான நாணயம். பின்பக்கம் மொழுமொழு என்று இருந்தால் அது வார்த்து எடுத்த போலியாக இருக்கலாம், கேள்வி கேளுங்கள்.

விற்கிறவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது, என்ன உலோகம் என்று சொல்லிவிடுங்கள். செம்பும் நிக்கலும் கலந்த நாணயத்தில் தோடு செய்தால் நிக்கல் ஒத்துவராத காதுக்குக் கடியும் புண்ணும் வரும். இலங்கையில் 2005 இல் இருந்து சில வருடங்கள் வந்த ஒரு ரூபா, ஐந்து ரூபாக் குற்றிகள் பித்தளை பூசிய இரும்பு, வெட்டிய ஓரத்தில் பூச்சு இல்லாததால் வியர்வை பட்டால் துருப்பிடிக்கும். 1998 இல் சுதந்திரப் பொன்விழாவுக்கு வந்த பத்து ரூபா இரண்டு உலோகம், வளையமும் நடுவும் வேறு வேறு, வெட்டும்போது கழன்று வரப் பார்க்கும்.

சரி, எதை வெட்டலாம்? 1996 கிரிக்கெட் உலகக் கிண்ண வெற்றிக்காக 1999 இல் வந்த ஐந்து ரூபா எத்தனை வீட்டு லாச்சியில் சும்மா கிடக்கிறது! 25 மாவட்டங்களுக்கும் வந்த, 2013 என்று போட்ட, பதினொரு பக்கப் பத்து ரூபாவும் அப்படித்தான். யாழ்ப்பாண மாவட்டக் காசைப் புலம்பெயர்ந்த பிள்ளைகள் கேட்டு வாங்கிப் போடுவதில் என்ன பிழை? ஆனால் 1957 புத்த ஜயந்தி வெள்ளி ஐந்து ரூபாவை வெட்டாதீர்கள். வளையம் ஒட்டினாலே சேகரிப்பவர்களிடம் அதன் பெறுமதி விழுந்துவிடும், வெட்டினால் கேட்கவும் வேண்டாம்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது சேதுக்காசு விஷயத்தில். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்துக் காசு, நந்தி படுத்திருக்க 'சேது' என்று தமிழில் எழுதியிருக்கும். 1619 இல் போர்த்துக்கேயரிடம் விழுந்த எங்கள் அரசு கையில் தொடக்கூடிய அளவுக்கு விட்டுப்போனது மிகக் கொஞ்சம், அதில் இது ஒன்று. இதையும் ஓட்டை போட்டுப் பெண்டனாக்கித் தருவதாக விளம்பரம் பார்த்தேன். தயவுசெய்து வேண்டாம். தோட்டம் கொத்தும்போது அகப்பட்டால் யாழ்ப்பாணம் நாவலர் வீதி அருங்காட்சியகத்தில் கொண்டுபோய்க் காட்டுங்கள். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இப்படிப்பட்ட பொருட்களைப் பாதுகாக்கத்தான் இருக்கிறது. சேது உருவம் ஆசை என்றால் பத்தரிடம் சொல்லி வெள்ளியில் புதிதாக அடித்துப் போடுங்கள், அழகாக இருக்கும், அவருக்கும் வேலை கிடைக்கும்.

கடைசியாக, நாணயத்தாளைச் சேதப்படுத்துவது குற்றம் என்று இலங்கை மத்திய வங்கி அடிக்கடி அறிவிக்கிறது. குற்றியை நகையாக்குவது பற்றியும் அதே தெளிவோடு தமிழில் சொல்லவேண்டும். இந்தியாவில் 2011 நாணயச் சட்டம் நாணயத்தை வெட்டுவதைத் தடுக்கிறது, அமெரிக்காவில் மோசடி நோக்கம் இருந்தால்தான் குற்றம், கனடாவில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் புழக்கக் காசைப் பணமாக அல்லாமல் வேறு எதற்கும் பயன்படுத்தக்கூடாது, அங்கிருந்து காசு அனுப்பி வெட்டித் தரச் சொல்கிற உறவுகளும் இதைத் தெரிந்து வைத்திருக்கட்டும். இங்கே பட்டறையில் இருக்கிற பொடியன்கள் பயமில்லாமல் வேலை செய்யவேண்டும். உங்கள் நிருபர் ஒருவர் மத்திய வங்கியிடம் எழுத்தில் பதில் வாங்கி இதே பக்கத்தில் போட்டால் பெரிய உதவி.

வாசகி,
வண்ணார்பண்ணை