நடுவில் இருப்பவரின் பெயரையும் போடுங்கள்

தமிழ்ப் பதிப்பாளர்களுக்கும், சிறுபத்திரிகை ஆசிரியர்களுக்கும், இணைய இதழ் நடத்தும் நண்பர்களுக்கும்,

வணக்கம். ‘மூலம்: விஸ்லவா சிம்போர்ஸ்கா, தமிழில்: இன்னார்’ என்று கீழே போட்டு அந்தப் போலிஷ் கவிஞரின் எத்தனையோ கவிதைகள் நம் இதழ்களில் வந்துவிட்டன. 1996இல் அவருக்கு நோபல் கிடைத்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த இன்னாருக்குப் பெரும்பாலும் போலிஷ் தெரியாது. எனக்கும் தெரியாது, நானும் அந்த இன்னார்களில் ஒருவன். ஆங்கிலத்தைப் பார்த்துத்தான் தமிழில் செய்கிறோம். அப்படியென்றால் அந்த இரண்டு பெயருக்கும் நடுவில் ஒரு பெயர், போலிஷை ஆங்கிலமாக்கியவரின் பெயர், இருக்க வேண்டும் இல்லையா? அதைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு சிறுபத்திரிகைக்கு ஐந்து கவிதைகள் அனுப்பினேன். கடைசியில் ‘ஆங்கிலத்தில்: ஸ்டானிஸ்வாவ் பரான்சாக், கிளேர் கவனா’ என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் ஃபோன் செய்தார். “தம்பி, சிம்போர்ஸ்கா பேரே நம்ம வாசகருக்கு வாயில நுழையல, இதுல இன்னும் ரெண்டு பேரா?” என்றார். நானும் சிரித்துக்கொண்டே சரி என்றேன். கவிதை வந்தது, என் பெயர் தடித்த எழுத்தில் வந்தது, அந்த வரி போய்விட்டது.

அந்தப் பரான்சாக் யாரென்று எனக்கே பிற்பாடுதான் தெரிந்தது. அவர் போலிஷ் மொழியின் முக்கியமான கவிஞர்களில் ஒருவர். 1976இல், போலந்தின் கம்யூனிஸ்ட் அரசை எதிர்த்த தொழிலாளர் பாதுகாப்புக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், அதன் விளைவாகப் பல்கலைக்கழக வேலை பறிபோய், 1981இல் ஹார்வர்டுக்குப் போய்ச் சேர்ந்தவர். ஷேக்ஸ்பியரைப் போலிஷுக்குக் கொண்டுபோனவர். கவனாவோடு சேர்ந்து அவர் செய்த சிம்போர்ஸ்கா தொகுப்பு 1995இல், அதாவது நோபலுக்கு ஒரு வருடம் முன்பே, வந்துவிட்டது. அதற்கும் முன்னால் 1981இல் கிரின்ஸ்கியும் மக்வாயரும் செய்த வேறொரு தொகுப்பு இருக்கிறது. ஒரே கவிதை இரண்டு தொகுப்பிலும் இரண்டு விதமாக இருக்கும். தமிழில் நாம் படித்தது எதிலிருந்து வந்தது? பெயர் இல்லாததால் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

“ஆங்கிலம் வெறும் பாலம்தானே” என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு ஓர் உதாரணம். போலிஷ் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஸ்டானிஸ்வாவ் லெம்மின் ‘சைபீரியாட்’ கதைகளில் கவிதை எழுதும் ஓர் இயந்திரம் வரும். அதை மடக்க வேண்டும் என்று ஒருவர் கன்னாபின்னாவென நிபந்தனை போடுவார்: ஆறே வரி, எதுகை வேண்டும், காதல் வேண்டும், துரோகம் வேண்டும், எல்லாச் சொல்லும் ஒரே எழுத்தில் தொடங்க வேண்டும். போலிஷில் அந்த எழுத்து ‘சி’, கவிதையின் பொருள் ‘சைபரோடிக்ஸ்’ என்கிற லெம்மின் கிண்டல் சொல். மைக்கேல் கேண்டெல் 1974இல் ஆங்கிலமாக்கியபோது எழுத்து ‘எஸ்’ ஆனது, பொருள் முடிவெட்டு ஆனது. ஆமாம், முடிவெட்டு! பைபிளில் வரும் சாம்சன் குறட்டை விட, அவர் முடி போகும் கதையை எல்லாச் சொல்லும் எஸ்ஸில் தொடங்க எழுதிவிட்டார் மனுஷர். லெம்மின் கவிதையில் சாம்சனும் கிடையாது, கத்தரிக்கோலும் கிடையாது. நாளைக்கு ஒருவர் அதைத் தமிழில் போட்டு ‘மூலம்: லெம்’ என்று மட்டும் எழுதினால், கேண்டெல் கற்பனை செய்ததை லெம் தலையில் கட்டியதாகத்தான் ஆகும்.

போலிஷ் நாவலாசிரியர் ஓல்கா டோகார்ச்சுக்கின் ‘ஃபிளைட்ஸ்’ என்று எல்லாரும் பேசுகிறோம். மூலத்தில் தலைப்பு ‘பியேகுனி’. ஓரிடத்தில் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால்தான் தீமையிலிருந்து தப்பலாம் என்று நம்பிய ஒரு ரஷ்ய சமயப் பிரிவின் பெயர் அது. ‘ஃபிளைட்ஸ்’ ஆங்கிலத்தில் பிறந்த தலைப்பு. அவருடைய இன்னொரு நாவலில் ஒரு வயதான பெண்ணும் அவருடைய நண்பரும் வில்லியம் பிளேக்கின் ஒரு பத்தியைப் போலிஷில் பெயர்த்துப் பெயர்த்துப் பார்ப்பார்கள், பல வடிவம் வரும். இதை ஆங்கிலமாக்க வந்த அன்டோனியா லாயிட்-ஜோன்ஸின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பிளேக் ஆங்கிலக் கவிஞர், மூலம் அலமாரியிலேயே இருக்கிறது, ஆனால் அதை அப்படியே வைக்க முடியாது. போலிஷ் வடிவங்கள் ஒன்றுக்கொன்று எப்படி விலகுகின்றனவோ அதே மாதிரி விலகும் பல ஆங்கில வடிவங்களை அவரே எழுத வேண்டியிருந்தது. அந்தப் பெண் அக்கம்பக்கத்தாருக்கு வைக்கும் பட்டப்பெயர்களும் அப்படித்தான்: மூலத்தில் ‘மாதோகா’, ஆங்கிலத்தில் ‘ஆட்பால்’ (oddball, விசித்திரப் பேர்வழி). தமிழில் செய்பவர் ஆட்பாலைப் பார்த்துத்தானே ஒரு பெயர் யோசிப்பார்?

இந்த வேலைக்கு வருகிறவர்கள் எப்படி வருகிறார்கள் என்பதும் ஒரு கதை. லாயிட்-ஜோன்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தது ரஷ்யனும் பண்டைய கிரேக்கமும். ‘ஃபிளைட்ஸை’ ஆங்கிலமாக்கிய ஜெனிஃபர் கிராஃப்ட் அமெரிக்காவின் ஓக்லஹோமாக்காரர், அவரும் ரஷ்யன் வழியாகப் போலிஷுக்கு வந்தவர். பதிப்பகம் புத்தகத்தை நீட்டும், உட்கார்ந்து பெயர்க்க வேண்டியதுதான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். போலிஷ் விஷயத்தில் பெரும்பாலும் அப்படி இல்லை, ஏனென்றால் ஆங்கிலப் பதிப்பாசிரியர்களில் போலிஷ் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. ஆகவே புத்தகத்தைத் தேடுவது, வாசக அறிக்கை எழுதுவது, மாதிரிப் பக்கங்களைப் பெயர்ப்பது, பதிப்பகம் பதிப்பகமாக அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது, கிராக்கூவிலுள்ள, போலந்து அரசின் புத்தக நிறுவனம் மொழிபெயர்ப்புக்குத் தரும் மானியத்தைக் காட்டிப் பதிப்பகத்தைச் சம்மதிக்க வைப்பது என்று பாதி வேலை ஏஜென்ட் வேலைதான். இதில் பெரும்பகுதிக்குச் சம்பளம் கிடையாது.

‘பியேகுனி’ வெளிவந்தது 2007இல். கிராஃப்ட் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்து, ஆங்கிலத்தில் வந்தது 2017இல். பத்து வருடம். 2018இல் சர்வதேச புக்கர் விருது, 50,000 பவுண்டு, எழுத்தாளருக்குப் பாதி, மொழிபெயர்ப்பாளருக்குப் பாதி. அடுத்த வருடம் டோகார்ச்சுக்குக்கு நோபல் அறிவித்தார்கள். அவர் ஸ்வீடனில் ஆற்றிய உரையை ஆங்கிலமாக்கியதும் கிராஃப்டும் லாயிட்-ஜோன்ஸும்தான். இவ்வளவுக்கும் பிறகு 2021இல் கிராஃப்ட் வெளிப்படையாக அறிவிக்க வேண்டி வந்தது: அட்டையில் மொழிபெயர்ப்பாளர் பெயர் இல்லாத புத்தகத்தை இனிமேல் செய்வதில்லை என்று. புக்கர் வாங்கியவருக்கே அந்த நிலைமை.

பணம்? பிரிட்டனில் ஆயிரம் சொல்லுக்குச் சுமார் 100 பவுண்டு என்பதுதான் பேசப்படும் தொகை. 90,000 சொல் நாவல் என்றால் 9,000 பவுண்டு, வேலை எளிதாக ஒரு வருடத்தை விழுங்கும். லண்டன் வாடகை தெரிந்தவர்கள் மீதியைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2024இல் அங்குள்ள எழுத்தாளர் சங்கம் நடத்திய கணக்கெடுப்பில், செயற்கை நுண்ணறிவால் ஏற்கெனவே வேலை இழந்ததாகச் சொன்ன மொழிபெயர்ப்பாளர்கள் 36 சதவீதம். (பத்துப் பிரதியைக் கையில் கொடுத்து அனுப்பும் நம் ஊரில் இருந்துகொண்டு நான் அவர்களுக்காக உச்சுக்கொட்டுவது வேடிக்கைதான், அதை இன்னொரு மடலில் வைத்துக்கொள்வோம்.)

இப்போது நமக்கே உரிய ஒரு சிக்கல். போலிஷில் ‘பான்’, ‘பானி’ என்று மரியாதை வடிவம் உண்டு, ‘தி’ என்று நெருக்கமான வடிவமும் உண்டு. கிட்டத்தட்ட நம் நீங்களும் நீயும். ஆங்கிலத்துக்குப் போகும்போது இரண்டும் ‘யூ’ ஆகிவிடும், அங்கிருந்து தமிழுக்கு வரும்போது நாம் குத்துமதிப்பாகப் பிரித்துப்போடுகிறோம். நான் ஒரு சிறுகதை செய்தேன். ஒரே மாடியில் குடியிருக்கும் வயதான ஓர் ஆணும் பெண்ணும், பல வருடப் பழக்கம், சண்டையும் பேச்சுமாக ஓடும். நெருக்கமாகத்தானே இருக்கிறார்கள் என்று முழுக்க நீ, வா, போ என்று எழுதிவிட்டேன். என்னவோ உறுத்த, கதையை ஆங்கிலமாக்கியவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது. கடைசிப் பக்கம் வரை இருவரும் பான், பானிதானாம், அந்தக் கடைசிப் பக்கத்தில் அந்த அம்மாள் ஒரே ஒரு முறை ‘தி’ என்கிறாராம். ஆங்கிலத்தில் அதைக் காட்ட முடியாமல் மூன்று வாரம் தவித்து, அந்த இடத்தில் அந்த ஆணைப் பெயர் சொல்லிக் கூப்பிட வைத்தேன் என்று எழுதியிருந்தார். “உங்கள் மொழியில் அது இருக்கிறதென்றால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது” என்றும் எழுதியிருந்தார். பதினாறு பக்கத்தையும் திருத்தினேன். அவர் பெயர் எனக்குத் தெரிந்திருந்ததால்தான் கேட்க முடிந்தது.

ஆங்கிலக்காரர்களும் இதில் யோக்கியர்கள் இல்லை. லெம்மின் ‘சோலாரிஸ்’ 1961இல் வந்தது, 1970இல் ஆங்கிலத்துக்குப் போனது பிரெஞ்சு வழியாக. ஹாரே என்ற பெண் ரேயா ஆனாள், ஸ்னாவுட் என்பவர் ஸ்னோ ஆனார். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த லெம்முக்கு அது பிடிக்கவே இல்லை. பில் ஜான்ஸ்டன் போலிஷிலிருந்து நேரடியாகச் செய்த வடிவம் 2011இல், அதுவும் முதலில் ஒலிப்புத்தகமாகத்தான், வந்தது. லெம் 2006இலேயே போய்விட்டார். ஆகவே வழி மொழிபெயர்ப்பே பாவம் என்று நான் சொல்லவரவில்லை. தமிழில் போலிஷ் தெரிந்தவர்கள் வரும்வரை வேறு வழியும் இல்லை. வழியாக வந்தது என்பதை மறைக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

இடம் இல்லை, வாசகருக்கு எதற்கு என்பதெல்லாம் சாக்கு என்று உங்களுக்கும் தெரியும். பெயரைப் போட்டால் அனுமதி வாங்கினீர்களா என்று கேள்வி வரும், அதுதான் பயம். மூல ஆசிரியரிடம் வாங்கிவிட்டோம் என்றால் போதாது, பெர்ன் ஒப்பந்தம் என்கிற சர்வதேசப் பதிப்புரிமை ஒப்பந்தப்படி மொழிபெயர்ப்பும் தனி உரிமையுள்ள படைப்பு, ஆங்கிலமாக்கியவரிடமும் கேட்க வேண்டும். கேட்டுப்பாருங்கள். நான் கேட்ட மூவரில் இருவர் பணமே வேண்டாம் என்றார்கள், ஒரு பிரதி அனுப்பச் சொன்னார்கள். மூன்றாமவர் கேட்ட தொகை நம் வெளியீட்டு விழா டீ செலவைவிடக் குறைவு.

என் அடுத்த தொகுப்பின் கையெழுத்துப் பிரதி தை மாதம் உங்களில் ஒருவர் கைக்கு வரும். தலைப்புப் பக்கத்தில் நாலு வரி இருக்கும்: புத்தகத்தின் பெயர், எழுதியவர், ஆங்கிலத்தில், தமிழில். பக்கத்தில் இடம் போதவில்லை என்றால் நாலாவது வரியின் எழுத்தைச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மொழிபெயர்ப்பாளர்களில் ஒருவன்